நாற்பத்தோராயிரம் கடிதங்களுக்கு அடியில் என் தங்கை

சனிக்கிழமை மாலையை வீட்டு நாற்காலியில் கழிக்காமல், நூலகத்தின் மாடி அறையில் கழிக்கத் துணிந்த நல்லோர்களே! முகத்தில் புன்னகையும் கையில் மேசை மணியுமாக என்னைக் கண்காணித்தபடி தலைமை தாங்கும் நூலகர் அம்மையார் அவர்களே! எனக்குப் பன்னிரண்டே நிமிடம் என்று துண்டுச் சீட்டில் எழுதி, போதாக்குறைக்கு அதன்கீழ் இரண்டு கோடும் இழுத்துக் கொடுத்திருக்கும் வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே! முப்பத்தோர் ஆண்டுகள் தபால் நிலையத்தில் நின்ற காலோடு ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து, ஓய்வு பெற்றும் ஓயாமல், வியாழன்தோறும் இதே அறையில் எங்கள் இன்பாக்ஸ்களைக் கூட்டிச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுக்கும் கருணை மனத்துக்காரரே, எல்லோராலும் பிரிப்பம்மா என்று அன்போடு அழைக்கப்படும் அம்மையே! முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே! பையைத் திறந்து கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! வந்ததும் வராததுமாகக் கதவோரத்து இருக்கைகளைப் பிடித்துக்கொண்ட முன்யோசனைக்காரர்களே! ஒலிபெருக்கியின் வயரைக் காலடியில் வைத்திருக்கும் நண்பரே, உங்களை மட்டும் தனியாகக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அந்த வயரை மிதித்துவிடாதீர்கள். வயருக்கும் எனக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அனைவருக்கும் என் வணக்கம்.

இதற்கே மூன்று நிமிடம் போய்விட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். தெரியும் ஐயா. வணக்கம் சொல்லவே மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும் இந்த வியாதிதான் இன்றைய என் பேச்சின் பொருளே.

கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். பகலெல்லாம் பிறர் கண்ணுக்குப் பணிவிடை, மாலையானால் பிறர் காதுக்குச் சோதனை. திறப்பு விழாவா, பாராட்டு விழாவா, பிரிவுபசார விழாவா, கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டாலும் அந்தப் பக்கமாக ஒரு நடை போய்விட்டு வருவேன். இந்த வட்டாரத்தில் எனக்கு ‘மணிக்கணக்கு’ என்று ஒரு பட்டம் உண்டு. பட்டம் சூட்டியவர் ஐந்தாம் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட என் மின்னஞ்சல் பெட்டியில் படிக்காமல் கிடந்த கடிதங்கள் எத்தனை? நூறா? இல்லை. ஆயிரமா? இல்லவே இல்லை. நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஆறு. எழுதியவர்கள் யார்? உற்றாரா, உறவினரா, என் பேச்சில் உருகிய உள்ளங்களா? அதிகம் எழுதியது, பதினோரு வருடங்களுக்கு முன் ஒரே ஒரு முறை நான் செருப்பு வாங்கிய கடை. அன்று முதல் அந்தக் கடை என்னை மறக்கவே இல்லை. என் பிறந்தநாளுக்கு வாழ்த்தியது. மழை வந்தால் கவலைப்பட்டது. ‘வெகு நாளாக உங்களைக் காணவில்லையே’ என்று ஏங்கியது. கட்டிய மனைவிகூட நான் வீட்டில் இல்லாததற்கு ஏங்கியதில்லை; நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறாள். அந்தச் செருப்பு அறுந்தே எட்டு வருடம் ஆகிறது.

‘நிறுத்தச் சொல்லலாமே’ என்று அங்கே ஓர் அம்மா கேட்கிறார். நல்ல கேள்வி. சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று எறும்பு ஊர்ந்த அளவில் ஒரு வரி இருக்குமாம், அதை அழுத்தினால் போதுமாம். கண்ணாடிக் கடைக்காரன் கண்ணுக்கு அது தெரியவில்லை. நான் பதில் எழுதினேன். ‘பாரோர் பாதம் காக்கும் பணியில் பல்லாண்டாய்ப் பாடுபடும் பெருமைசால் நிறுவனத்தீரே’ என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். மறுநாளும் செருப்பு வந்தது. மறுபடியும் எழுதினேன். பிறகுதான் என் மனைவி எட்டிப் பார்த்துச் சொன்னாள், அந்த முகவரியின் பெயரே ‘பதில் அனுப்பாதீர்’ என்று. பதில் அனுப்பாதீர் என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு இருபத்து மூன்று பதில் அனுப்பியவன் உங்கள் முன்னால் நிற்கிறேன். கைதட்ட வேண்டாம், நேரம் போகிறது.

சிரிப்பைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே தங்கை. ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் அவள் வீடு வரும். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசட்டும் என்றார்கள். யாரைப் பார்த்து இரண்டு வார்த்தை என்றார்கள்? இருபத்திரண்டு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கன்னத்தில் கைவைத்துத் தூங்கிவிட்டார். பந்தியில் சாப்பாடு ஆறிப்போயிற்று. பச்சைக் குழந்தைகள் பசியில் அழுதன. அதை நான் நெகிழ்ச்சி என்று நினைத்து இன்னும் உரக்கப் பேசினேன். அப்போது என் தங்கை எழுந்து வந்தாள். குனிந்தாள். வயரைப் பிடுங்கினாள்.

ஆமாம் ஐயா, அதே கதைதான். அதனால்தான் வயரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மண்டபத்தில் எழுந்த கைதட்டல் என் பேச்சுக்கு அல்ல, அவளுக்கு. அவமானத்தில் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். அன்றிரவே போன் செய்து ஆறு நிமிடம் திட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாள்: “போன்ல உங்களை நிறுத்தவே முடியாதுண்ணா. இனிமே எனக்கு எதுவா இருந்தாலும் மெயில்ல எழுதுங்க. அதுன்னா வேணுங்கறப்ப மூடி வெச்சுட்டு மறுபடி படிக்கலாம்.” அதோடு என் அழைப்பை அவள் எடுப்பதே இல்லை.

கோபம் ஆறியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரே வாரத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஒன்பது பக்கம். ‘என் உடன்பிறப்பே, உயிரின் மறுபாதியே, ஓர் அகத்தில் ஒளிர்ந்த ஒற்றைச் சுடரே’ என்று அழைத்து, விளித்து, வாழ்த்தி, வணங்கி, மன்னிப்பு என்ற சொல்லை எட்டாம் பக்கத்தில் வைத்திருந்தேன். பதில் வரவில்லை. ஒரு மாதம் பார்த்தேன். ஒரு வருடம் பார்த்தேன். கல்நெஞ்சக்காரி, அண்ணன் இறங்கி வந்து கேட்டும் மனம் இரங்கவில்லையே என்று நானும் முறுக்கிக்கொண்டேன். அங்கே அவளும், ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கத் தோன்றவில்லையே இந்த மனுஷனுக்கு என்று முறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், முறுக்கிலும் ஒற்றுமை.

இந்த நிலையில்தான், எனக்கு லென்ஸ் அனுப்பும் வியாபாரி ஒருநாள் கடைக்கு வந்து ஒரு செய்தி சொன்னார். நான் வைத்திருந்த மின்னஞ்சல், இணைய இணைப்போடு இலவசமாகக் கொடுத்தது. அந்த நிறுவனம் மாதக் கடைசியோடு மின்னஞ்சல் சேவையை மூடப் போகிறதாம். பெட்டியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடுமாம். ‘உங்களுக்கும் அறிவிப்பு வந்திருக்குமே’ என்றார். வந்திருந்தது. நாலு முறை வந்திருந்தது. செருப்புகளுக்கு அடியில் கிடந்தது.

அழியட்டும், சனியன் விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். என் மனைவிதான் விடவில்லை. “அதுல மனுஷங்க எழுதினது ஒண்ணு ரெண்டாவது இருக்காதா? பார்த்துட்டு மூடுங்க” என்று இந்த அறைக்கு அனுப்பினாள். நன்றாக இருப்பாள் அவள்.

சென்ற வாரம் வியாழக்கிழமை. வந்து கணினி முன் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே பிரிப்பம்மா என்னை எழுப்பிவிட்டார். “உக்காந்தா படிக்க ஆரம்பிச்சிருவீங்க. பிரிக்கிற வேலையை நின்னுக்கிட்டுத்தான் செய்யணும்” என்றார். கணினியை ஒரு பெட்டியின்மேல் தூக்கி வைத்தார். நின்றேன். முதல் கடிதத்தைத் திறக்கப் போனேன், கையில் ஒரு தட்டு விழுந்தது. “உள்ள என்ன இருக்குங்கறது நம்ம வேலை இல்ல. தபால்ல நாங்க எங்க போகுதுன்னு பார்ப்போம். நீங்க எங்கிருந்து வருதுன்னு மட்டும் பாருங்க.”

அவ்வளவுதான் பெருமக்களே, அந்த ஒரு வித்தையில்தான் என் பதினோரு வருடக் குப்பை கரைந்தது. தேடும் கட்டத்தில் செருப்புக் கடையின் பெயரை அடித்தோம். அது அனுப்பியதெல்லாம் அணிவகுத்து நின்றது, ஆறாயிரத்துச் சொச்சம். கடைசிக் கடிதத்தின் அடியில் அந்த எறும்பு வரியை அழுத்தினோம், இனி வராது. பிறகு மொத்தமாகப் பிடித்து ஒரே அழுத்தில் நீக்கினோம். அடுத்து, நான் ஒருநாளும் போகாத உடற்பயிற்சிக் கூடம். அடுத்து, நான் ஒருநாளும் ஏறாத விமானம். பெயர் தெரியாத, முகம் தெரியாத ஆசாமிகள் அனுப்பியதில் மட்டும் எந்த வரியையும் அழுத்தாதீர்கள், பேசாமல் ஸ்பேம் என்று குறித்துத் தள்ளுங்கள் என்றார் அம்மா. அழுத்தினால், இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடுமாம். தேதிவாரியாகப் போயிருந்தால் என் ஆயுள் போதாது. அனுப்பியவர் வாரியாகப் போனதால் ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. கால் மட்டும் வீங்கிவிட்டது.

கடைசியில் மிஞ்சியது இருநூற்றுப் பன்னிரண்டு. “இதெல்லாம் மனுஷங்க” என்றார் அம்மா. “இப்ப உக்காருங்க. இப்ப படிங்க.”

உட்கார்ந்தேன். மேலிருந்து மூன்றாவது, என் தங்கை.

பதினாறு நாட்களுக்கு முன் எழுதியிருந்தாள். நாலே வரி. எனக்கு மனப்பாடம், அப்படியே சொல்கிறேன். ‘அண்ணா, வலது கண்ணுல விழித்திரை நடுவுல ஓட்டை விழுந்திருக்காம், அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை ஆபரேஷன். முடிஞ்சதும் ஒரு வாரம் குப்புறப் படுத்தே இருக்கணுமாம். படிக்க முடியாது, டிவி பார்க்க முடியாது, காது மட்டும் சும்மா இருக்கு. வந்து பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருங்களேன்.’

பெரியோர்களே, இத்தனை மேடை ஏறியிருக்கிறேன். போதும் நிறுத்து என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். வந்து பேசு என்று என்னைக் கேட்டவள் அவள் ஒருத்தி. அந்தக் கேள்வியை நான் பதினாறு நாள் செருப்புக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பிரிப்பம்மா பார்க்காததுபோல் ஜன்னலைச் சாத்தப் போனார்.

அன்று இரவே, வீட்டுக்குப் போனதும் பதில் எழுத வேண்டும். பழைய பெட்டியோ மூடப் போகிறது. புதிய இடம் பார்த்தாக வேண்டும். மின்னஞ்சல் கொடுக்கும் நிறுவனங்கள் ஒன்றா இரண்டா? எனக்கு முக்கியம் ஒன்றே ஒன்றுதான், நீளமான கடிதத்துக்கு இடம் தருவார்களா என்பது. என் மனைவி என்னை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டுத் தானே பார்த்தாள். காசு வாங்காமல் கொடுக்கிறானே, என் கடிதத்தை மோந்து பார்த்து விளம்பரம் காட்டுவானா என்று பார்த்தாள். பழைய வீட்டுச் சாமானையெல்லாம் அவனே இழுத்துக்கொள்வானா, நாளைக்கு நாம் கிளம்பினால் வாசலில் மறிக்காமல் எடுத்துக்கொண்டு போக விடுவானா என்று பார்த்தாள். பாஸ்வேர்டு தொலைந்தால் கேட்க ஒரு மனிதர் கிடைப்பாரா என்றும் பார்த்தாள். ஐந்து இடம் பார்த்து, நாலைத் தள்ளி, ஒன்றைப் பிடித்தாள். கதவுக்கு இரண்டு பூட்டும் போட்டாள். பாஸ்வேர்டு எனக்கு, அதற்குப் பிறகு வரும் ரகசிய எண் அவளுடைய போனுக்கு. இனி நான் யாருக்கு எழுதுவதாக இருந்தாலும் அவளிடம் எண் கேட்டுத்தான் உள்ளே போக முடியும். இதைப் பாதுகாப்பு என்கிறாள். தாய்மார்கள் இதற்கு இவ்வளவு பலமாகக் கைதட்டுவது எனக்கு நல்லதாகப் படவில்லை.

முகவரிக்கு என்ன பெயர் வைப்பது? எனக்குக் கிடைத்த பட்டங்கள் அத்தனையும் சேர்த்து அடித்தேன். மிக நீளம் என்று திரை சிவந்துவிட்டது. ஒரு பட்டத்தைக் குறைத்தேன், மறுபடி சிவந்தது. “உங்க பேரும் கடை பேரும் போதும்” என்று மனைவி முடித்துவிட்டாள். என் வாழ்க்கையில் என்னை இரண்டே சொல்லில் அறிமுகப்படுத்தியது அதுதான் முதல் தடவை.

புதிய பெட்டி, புதிய முகவரி. தங்கைக்கு உடனே எழுதினேன். ஏழு பக்கம். அதே உடன்பிறப்பே, அதே உயிரின் மறுபாதியே. வருகிறேன் என்ற சொல் ஏழாம் பக்கத்தில் இருந்தது. வெள்ளி போயிற்று, சனி போயிற்று, ஞாயிறு, திங்கள் போயிற்று, பதிலே இல்லை. செவ்வாய்க்கிழமை என் மனைவி போன் செய்தாள். அண்ணி அழைத்தால் எடுப்பாள்.

“ஒரு வரி எழுதக்கூட அண்ணனுக்கு மனசு வரலையா அண்ணி?” என்று கேட்டிருக்கிறாள்.

ஏழு பக்கம் போயிருக்கிறதே என்றாள் இவள். எதுவும் வரவில்லை என்றாள் அவள். பிரிப்பம்மா வகுப்பில் சொன்னதாக நான் வீட்டில் சொன்னது இவளுக்கு ஞாபகம் வந்து, ஸ்பேம் என்று ஒரு பெட்டி இருக்கும், அதைத் திறந்து பாரும்மா என்றாள். திறந்தாள். அங்கே, கோடிக்கணக்கில் பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லும் ஒருவனுக்கும், வழுக்கையில் முடி வளர்த்துத் தருகிறேன் என்னும் ஒருவனுக்கும் நடுவில் நான் இருந்தேன். தலைக்கு மேல் எச்சரிக்கை வேறு: ‘இது ஏமாற்றுக் கடிதமாக இருக்கலாம்.’

சிரியுங்கள், சிரியுங்கள். என் தங்கையும் சிரித்தாளாம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைப் போனில் கேட்டேன் என்று என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெரியாத முகவரியிலிருந்து ஒருவன் வந்து உயிரே, சுடரே என்று உருகினால், அடுத்து எதையோ கறக்கப் போகிறான் என்று அந்த இயந்திரம் நினைத்ததில் என்ன தப்பு? அந்தப் பெட்டி முப்பது நாளுக்கு ஒரு முறை தன்னைத் தானே காலி செய்துகொள்ளுமாம். அப்படியானால் இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த ஒன்பது பக்க மன்னிப்பு? அதுவும் அங்கேதான் போய்ச் சேர்ந்து, யார் கண்ணிலும் படாமல் செத்திருக்க வேண்டும். என் தங்கைமேல் கோபப்பட்ட இரண்டு வருடமும் வீண். என் அலங்காரம்தான் என் மன்னிப்பைக் கொன்றது.

அந்த ஏழு பக்கத்தையும் அவள் படிக்கவில்லை. “நடுவுல எல்லாம் கலங்கித் தெரியுது அண்ணி. நீளமா எழுதினா கண்ணு ஒத்துக்காது. வர்றாரா இல்லையான்னு மட்டும் எழுதச் சொல்லுங்க” என்றாளாம்.

நேற்று முன்தினம், வியாழக்கிழமை, மறுபடி இந்த அறை. பிரிப்பம்மா பக்கத்தில் நின்றார். விஷயத்தை முதல் வரியில் வை என்றார். ஒன்பது பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம்தான் ஆனது. இதை எழுத இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு சுடரை அழித்தேன், ஓர் உயிரை அழித்தேன். கடைசியில் நின்றது இதுதான்: ‘வரேன். ஞாயிறு காலையில உன் வீட்டில இருப்பேன். அன்னைக்கு நான் பேசினது தப்பு. அண்ணன்.’

அனுப்பினேன். பதில் எத்தனை நாளில் வந்தது தெரியுமா? நாலு நிமிடத்தில் வந்தது.

அதைச் சொல்வதற்குள் நூலகர் அம்மையார் மணியை அடித்துவிட்டார். அடிக்கட்டும், நியாயம்தான். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இந்த மேசைக்கடியில் ஒரு பை இருக்கிறது, பார்த்தீர்களா? வெடிகுண்டு இல்லை, பயப்படாதீர்கள். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, அதற்குக் கீழே இருபத்திரண்டு தாள்கள். அந்தக் கல்யாணப் பேச்சு. இரண்டு வருடமாகக் கடை மேசை இழுப்பறையில் லென்ஸ் உறைகளுக்கு நடுவில் கிடந்தது. கிழித்துப் போட மனமில்லாமல் வைத்திருந்தேன்.

என் தங்கை எழுதிய பதில் இது: ‘அன்னைக்கு நான் வயரைப் பிடுங்கினப்ப எங்க விட்டீங்களோ, அங்கேருந்து ஆரம்பிங்க.’

எடுத்துப் பார்த்தேன். பதினான்காம் பக்கத்தின் நடுவில் விட்டிருக்கிறேன். ‘என் தங்கை இருக்கிறாளே’ என்று தொடங்கும் வாக்கியத்தில் வயர் போயிருக்கிறது. அதற்கு அடுத்த வரியை அவள் இன்னும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் உங்கள் பெட்டிகளைத் திறந்து, நின்றபடியே பிரித்து, மனிதர்களை மட்டும் மிச்சம் வையுங்கள். இருந்து கேட்டவர்களுக்கு நன்றி, எழுந்து வழிவிடப் போகிறவர்களுக்கு வணக்கம். பஸ் ஆறே முக்காலுக்கு.